எல்லாவற்றுக்கும் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்ற ஒரே பெயர்: ஆண்களிடம் சத்தமில்லாமல் தங்கும் ட்ரைக்கோமோனியாசிஸ்

ஊர்வது, பறப்பது, கடிப்பது எதுவானாலும் நம் வாயில் அது 'பூச்சி'தான். கரையானும் பூச்சி, கொசுவும் பூச்சி, மூட்டையும் பூச்சி. பேச்சுக்கு அது போதும். மருந்து வாங்கும்போது போதாது. கொசுவிரட்டியை ஏற்றி வைத்துவிட்டுக் கதவை அரிக்கும் கரையான் போகவில்லையே என்று கவலைப்பட்டால் குற்றம் கரையான் மேல் இல்லை.

'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்ற சொல்லும் அப்படித்தான். சிறுநீர் போகும்போது எரிகிறது என்றால் உடனே இந்தப் பெயரைச் சூட்டி, தண்ணீர் நிறையக் குடி, ஏதாவது ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் போடு என்று நண்பர்களே வைத்தியம் சொல்லிவிடுவார்கள். சிலருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. ரிப்போர்ட்டில் கிருமி எதுவும் இல்லை, ஆனால் எரிச்சல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்று அலைபவர்களில் ஒரு பகுதியினரிடம் இருப்பது பாக்டீரியாவே இல்லை. உடலுறவு வழியாகப் பரவும் ஓர் ஒட்டுண்ணி. அது உண்டாக்கும் நோயின் பெயர் ட்ரைக்கோமோனியாசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். மருத்துவர்களே சுருக்கி 'ட்ரிக்' என்பார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எரிச்சல் என்றாலே இதுதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கொனோரியா, கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றுகளும் இதே எரிச்சலைத் தரும், கல்லும் தரும். இது இருக்கிறதா என்று யாரும் கேட்காமல் விட்டுவிடுவதுதான் சிக்கல்.

பாக்டீரியா இல்லை என்றால் வேறு என்ன?

ஒட்டுண்ணி என்றதும் குடல் புழு ஞாபகத்துக்கு வரும். இது புழுவும் இல்லை. ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்த அமீபா நினைவிருக்கிறதா? அந்த மாதிரியான ஒருசெல் உயிர்களைப் புரோட்டோசோவா என்பார்கள். மலேரியாவை உண்டாக்குவதும் ஒரு புரோட்டோசோவாதான்.

பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆள். நீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். அதாவது நூறு பேர் வரிசையில் நின்றால் 1 மில்லிமீட்டர். நம் ரத்தத்தின் வெள்ளையணுவும் ஏறக்குறைய இதே அளவு. இந்த அளவு ஒற்றுமை பின்னால் ஒரு தொல்லை கொடுக்கப்போகிறது.

ஆய்வகத்தில் வேலை பழகிய நாட்களில் இதை முதன்முதலாக உயிரோடு பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, மேலே மெல்லிய மூடுகண்ணாடி, 40 மடங்கு லென்ஸ். வெள்ளையணுக்கள் உருண்டை உருண்டையாகச் சும்மா கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் வெட்டி வெட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. பேரிக்காய் வடிவம். முன்பக்கம் நான்கு சாட்டைகள் சுழல்கின்றன. ஐந்தாவது சாட்டை உடம்பின் ஓரமாக ஒரு மெல்லிய சவ்வோடு சேர்ந்து அலையலையாக அசைகிறது. இந்தச் சாட்டைகளுக்குக் கசையிழை என்று பெயர். நேராக நீந்தத் தெரியாது. திரும்பித் திரும்பி, தடுமாறித் தடுமாறிப் போகும். ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த நடுக்கம் மறக்காது.

பெயர் செய்த குழப்பம்

1836இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் டோனே என்ற மருத்துவர் இதை மைக்ராஸ்கோப்பில் கண்டு எழுதிவைத்தார். அவர் பார்த்தது பெண்களிடமிருந்து எடுத்த மாதிரியில். அதனால் ட்ரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் என்ற பெயர் நிலைத்தது. பெயரிலேயே பெண்ணுறுப்பு இருப்பதால், ஏதோ பெண்களின் வெள்ளைப்படுதல் சம்பந்தப்பட்ட விஷயம், ஆண்களுக்கு இதில் என்ன வேலை என்ற எண்ணமும் கூடவே நிலைத்துவிட்டது.

உண்மையில் இந்த ஒட்டுண்ணிக்கு மனிதரைத் தவிர வேறு வீடு கிடையாது. ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்றுதான் பெரும்பாலும் அதன் போக்குவரத்து. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவும். பாதி வழியை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: இது ஒருசெல் ஒட்டுண்ணி, பாக்டீரியா இல்லை. மனிதரிடம் மட்டும் வாழும், உடலுறவில் பரவும், பெயர் என்னவானாலும் ஆண்களுக்கும் வரும்.

ஆண் உடலில் எங்கே தங்குகிறது?

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் கடைசிக் குழாய்க்குச் சிறுநீர்வழி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கு இந்த ஒரே குழாயில்தான் சிறுநீரும் விந்தும் வருகின்றன. ஒட்டுண்ணி முதலில் குடியேறுவது இங்கேதான். அங்கிருந்து சிலருக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே அந்தக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கும் போய்விடும். சில சமயம் விந்தகத்தின் பின்னால் சுருண்டு கிடக்கும் விந்துக் குழாய்க்கும் போகும்.

நாளைக்கு ஐந்தாறு முறை வெள்ளம் வரும் வாய்க்காலில் குடிசை போடுவது போன்ற வேலை இது. சும்மா மிதந்துகொண்டிருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் குழாயின் உட்சுவரைத் தொட்டதும் பேரிக்காய் வடிவத்தை விட்டுவிட்டு, அமீபா போலச் சப்பையாகப் பரந்து, செல்களோடு அப்பிக்கொள்ளும். ஈரச்சுவரில் நத்தை ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்துச் செல்களைச் சேதப்படுத்தி, அதில் கிடைப்பதையும் பக்கத்திலிருக்கும் பாக்டீரியாக்களையும் தின்று, இரண்டாகப் பிளந்து பெருகும்.

சுவர் புண்பட்டதும் உடல் வெள்ளையணுக்களை அனுப்புகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். புண்பட்ட சுவர் மேல் சிறுநீர் ஓடும்போது எரிகிறது. சீழ் போல, அல்லது வெறும் நீர் போல ஒரு கசிவு வரலாம். குழாயின் உள்ளே ஓர் அரிப்பு, விந்து வெளியேறும்போது ஓர் எரிச்சல், இப்படியும் சிலர் சொல்வார்கள்.

ஆனால் ஆண் உடல் இந்த ஒட்டுண்ணிக்கு அவ்வளவு வசதியான இடமும் இல்லை. வெள்ளம் ஒரு பக்கம். புராஸ்டேட் சுரக்கும் திரவத்தில் துத்தநாகம் அதிகம். அது இந்த ஒட்டுண்ணிக்கு ஆகாது. அதனால் சில ஆண்களிடம் சில வாரங்களில் தானாகவே மறைந்தும்விடும். 'எனக்குத் தானா சரியாப் போச்சு' என்று யாராவது சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்குப் போகும், யாரிடம் மாதக்கணக்கில் தங்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சத்தமே இல்லாத குடித்தனக்காரர்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் சுமார் 15 கோடியே 60 லட்சம் புதிய ட்ரைக்கோமோனாஸ் தொற்றுகள். அதே ஆண்டில் கிளமிடியா சுமார் 12 கோடியே 90 லட்சம், கொனோரியா 8 கோடியே 20 லட்சம், சிபிலிஸ் 71 லட்சம். குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் என்று கணக்கெடுக்கப்படும் இந்த நான்கில் முதலிடம், நாம் பெயர்கூடக் கேள்விப்படாத இதற்குத்தான்.

இவ்வளவு பேருக்கு வந்தும் ஏன் யாரும் பேசவில்லை? தொற்றியவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஆண்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான். தெரிபவர்களுக்கும் வழக்கமாக 5 முதல் 28 நாட்களுக்குள் தெரியும்; சிலருக்கு வெகு தாமதமாகத் தெரியும், வந்து வந்து போகும்.

இங்கேதான் பல வீடுகளில் சண்டை ஆரம்பிக்கிறது. மனைவிக்கு நுரைத்த, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் வந்து பரிசோதித்தால் ட்ரைக்கோமோனாஸ் என்று வருகிறது. கணவருக்கு ஒன்றுமே இல்லை. 'எனக்கு ஒண்ணுமில்லையே, அப்ப உனக்கு எப்படி வந்துச்சு?' என்று அவர் கேட்கிறார். கேள்வியே தவறான இடத்திலிருந்து கிளம்புகிறது. தொந்தரவு இல்லை என்பதும் தொற்று இல்லை என்பதும் ஒன்றல்ல. அவரிடமிருந்தே வந்திருக்கலாம், அவர்கள் இருவரும் சந்திப்பதற்கு முன்பே யாராவது ஒருவரிடம் இருந்திருக்கலாம். பெண்ணுடலில் இது மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில்கூட அடங்கியிருக்கும். கடிதத்தில் இருப்பது போல இதில் தேதி முத்திரை கிடையாது. பரிசோதனை சொல்வது 'இப்போது இருக்கிறது' என்பதை மட்டும்தான். எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்பதை எந்த ஆய்வகமும் அந்தக் காகிதத்தில் எழுதித் தர முடியாது. ரிப்போர்ட்டை ஒரு குற்றப்பத்திரிகையாகப் படிப்பவர்கள், அதில் இல்லாததைப் படிக்கிறார்கள்.

சுருக்கமாக: பெரும்பாலான ஆண்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அறிகுறி இல்லாதவரும் பரப்புவார். எப்போது தொற்றியது என்பதைப் பரிசோதனை காட்டாது.

ரிப்போர்ட் நார்மல் என்று எப்படி வருகிறது?

சிறுநீர்ப் பரிசோதனை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிவதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இன்னொன்று கல்ச்சர், அதாவது சிறுநீரில் ஒரு சொட்டை ஊட்டச்சத்துள்ள தட்டில் தடவி, எந்தக் கிருமி முளைக்கிறது என்று ஓரிரு நாள் காத்திருந்து பார்ப்பது.

கல்ச்சர் தட்டு பாக்டீரியாவுக்காகச் செய்தது. வயலில் நெல் விதைத்துவிட்டு மீன் வளரவில்லை என்று சொல்ல முடியுமா? ட்ரைக்கோமோனாஸ் அந்தத் தட்டில் வளராது. அதனால் 'வளர்ச்சி இல்லை' என்று வரும். ஆனால் அதே ரிப்போர்ட்டின் மேல் வரிகளில் 'பஸ் செல்கள்' அதிகமாக இருக்கும். பஸ் செல்கள் என்பவை வேறொன்றுமில்லை, அழற்சிக்கு ஓடிவந்த வெள்ளையணுக்கள். வெள்ளையணு நிறைய, பாக்டீரியா பூஜ்யம் என்ற இந்த ஜோடி, மருத்துவரை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டிய குறிப்பு. கீழே உள்ள 'வளர்ச்சி இல்லை'யை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக எழுந்து வருவது நம் வழக்கம்.

சரி, மைக்ராஸ்கோப்பில் தெரியாதா? நான் பார்த்தேன் என்றேனே. தெரியும், அது அசைந்தால். உடலைவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே அதன் ஆட்டம் அடங்கத் தொடங்கிவிடும். டப்பா மேசையில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டால் நடுக்கம் நின்று, உருண்டு போய், பக்கத்திலிருக்கும் வெள்ளையணுவைப் போலவே கிடக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு என்று சொன்னது இதற்காகத்தான். போதாக்குறைக்கு, ஆண்களின் சிறுநீரில் அதன் எண்ணிக்கையே குறைவு. அதனால் மைக்ராஸ்கோப் 'இருக்கிறது' என்றால் நம்பலாம். 'இல்லை' என்றால், ஆண்களைப் பொறுத்தவரை, அந்த 'இல்லை'க்குப் பெரிய மதிப்பு இல்லை.

இன்னொரு வேடிக்கை. கல்ச்சருக்கு மாதிரி கேட்கும்போது, 'முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள்' என்பார்கள். சிறுநீர்ப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதுதான் சரி. ஆனால் இந்த ஒட்டுண்ணி ஒட்டியிருப்பது வெளிவரும் குழாயில். முதலில் வரும் சிறுநீர்தான் குழாயை அலசிக்கொண்டு வருகிறது. அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நடுச்சிறுநீரைக் கொடுத்தால், தேடும் ஆளை வெளியே அனுப்பிவிட்டு வீட்டைச் சோதனை போட்ட கதைதான்.

நம்பகமானது மரபணுச் சோதனை. கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன பிசிஆர் போன்றது. ஒட்டுண்ணி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, அசைய வேண்டியதில்லை. அதன் மரபணுத் துணுக்கு சிறிதளவு கிடைத்தாலும் அதைப் பல லட்சம் நகல்களாகப் பெருக்கிக் கண்டுபிடித்துவிடும். அதற்குக் கொடுக்க வேண்டியது, போகும்போது முதலில் வரும் அந்தச் சிறுநீர், அதுவும் கடைசியாகப் போய்க் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: மருந்து சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி எடுத்தால், செத்துப்போன ஒட்டுண்ணியின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். சில வாரம் பொறுக்க வேண்டும்.

எந்த மருந்து, ஏன் அது மட்டும்?

சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாக எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் உறுப்புகளைக் குறிவைப்பவை. சில மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும். ட்ரைக்கோமோனாஸுக்குச் செல்சுவரே கிடையாது. சில மருந்துகள் பாக்டீரியாவுக்கே உரிய நொதிகளைப் பூட்டும். இதனிடம் அந்தப் பூட்டு பொருந்தாது. ஒரு கோர்ஸ் முடித்து, இன்னொரு கோர்ஸ் முடித்து, 'பவர் அதிகமான' மாத்திரைக்குப் போனாலும் ஒட்டுண்ணிக்கு ஒன்றும் ஆகாது.

இதற்குக் கேட்பது மெட்ரோனிடசோல், அல்லது அதன் உறவுக்கார மருந்தான டினிடசோல். மெட்ரோனிடசோல் 1950களின் இறுதியில் பிரான்சில் இந்த நோய்க்காகவே கண்டறியப்பட்ட மருந்து. வயிற்றுப்போக்குக்கும் பல் தொற்றுக்கும் கொடுக்கிறார்களே, அதே மாத்திரைதான். அந்த வேலைகள் பின்னால் வந்து சேர்ந்தவை.

அது வேலை செய்யும் விதம் அழகானது. நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற மின்நிலையம் உண்டு. ஆக்ஸிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும். ட்ரைக்கோமோனாஸுக்கு அது இல்லை. ஆக்ஸிஜன் குறைவான மூலைகளில் வாழ்வதால், அதற்குப் பதில் ஹைட்ரஜனோசோம் என்ற வேறொரு நிலையத்தை வைத்திருக்கிறது. பெயருக்கேற்ப ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மெட்ரோனிடசோல் உள்ளே நுழையும்போது தூங்கும் மருந்து, யாரையும் ஒன்றும் செய்யாது. அந்த ஹைட்ரஜனோசோமில் நடக்கும் வேதிவினைதான் அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து எழுப்பிவிடுகிறது. எழுந்த மருந்து ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைக் கிழித்துப் போடும். நம் செல்களில் அதை எழுப்புமளவுக்கு அந்த வினை நடப்பதில்லை. வெடியை நாம் அனுப்புகிறோம்; திரியைப் பற்றவைப்பது அதுவே.

அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 2 கிராம் ஒரே வேளையில். பெண்களுக்கு 500 மில்லிகிராம் தினம் இரு வேளை, 7 நாள். இந்த எண்களைப் பார்த்துவிட்டு, வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் பட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். அரைகுறை அளவு எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும், ஒட்டுண்ணியை ஒழிக்காது. வேறு மருந்துகள் சாப்பிடுபவரா, கல்லீரல் எப்படி என்பதெல்லாம் மருத்துவர் கேட்டுத்தான் எழுத வேண்டும். மாத்திரை போட்டபின் வாயில் செம்பு நாணயத்தைச் சப்பியது போல ஒரு சுவை வரும்; பயப்பட வேண்டியதில்லை.

பேன் கதை

ஒரு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் தலையில் பேன். அவளுக்கு மட்டும் மருந்து தேய்த்து, சீப்பால் வாரி, பளிச்சென்று ஆக்கிவிட்டு, இரவு இருவரையும் ஒரே பாயில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? அடுத்த வாரம் மறுபடி சீப்பை எடுக்க வேண்டியதுதான்.

இங்கேயும் அதே கணக்கு. ஒருமுறை வந்து போனால் உடலுக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்ற சலுகை இதில் இல்லை. கணவர் மருந்து சாப்பிட்டு, மனைவி சாப்பிடாவிட்டால், அல்லது மனைவி சாப்பிட்டுக் கணவர் 'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே' என்று இருந்துவிட்டால், மறுபடி தொற்றும். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்று மருந்தின் மேல் பழி. மருந்துக்கு அடங்காத ரகங்கள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் திரும்ப வருவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பாய் விவகாரத்தைத்தான். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, சுமார் ஒரு வாரம், தொந்தரவும் முழுவதும் நிற்கும்வரை, உடலுறவைத் தள்ளிப்போட வேண்டும்.

கவனிக்காமல் விட்டால்? ஆண்களில் பலருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காமலும் போகலாம். சிலருக்குப் புராஸ்டேட் அழற்சி, விந்தகத்தின் பின்னால் வீக்கமும் வலியும் வரலாம். கர்ப்பிணி மனைவிக்குத் தொற்றினால் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்று எச்ஐவி. புண்பட்ட சுவரில் வெள்ளையணுக்கள் கூட்டமாக நிற்கின்றன. எச்ஐவி தேடி வருவது அந்த அணுக்களில் ஒரு வகையைத்தான். அதனால் இந்தத் தொற்று இருப்பவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பும் அதிகமாகிறது.

கழிப்பறை இருக்கை மேல் போடும் பழி

'பொதுக் கழிப்பறையில் வந்திருக்கும்' என்று சொல்லிக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது, ஆனால் அது உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. குடலில் நோய் தரும் அமீபா தன்னைச் சுற்றி ஓர் ஓடு கட்டிக்கொண்டு தண்ணீரில் நாட்கணக்கில் பயணம் செய்யும். ட்ரைக்கோமோனாஸுக்கு அந்த ஓடு கட்டும் வித்தை தெரியாது. காய்ந்தால் செத்துவிடும். ஈரத்துணியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்றாலும், அப்படித் தொற்றுவது அபூர்வம். கட்டிப்பிடிப்பதிலும், சேர்ந்து சாப்பிடுவதிலும், நீச்சல் குளத்திலும் பயமில்லை.

ஆணுறை அபாயத்தை நன்றாகக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. உறை மூடாத இடமும் இருக்கிறதே.

மருத்துவரிடம் போகும்போது பலருக்கு நாக்கு எழாது. 'யூரின் இன்ஃபெக்‌ஷன் போல இருக்கு டாக்டர்' என்று தொடங்கி அதிலேயே நின்றுவிடுவார்கள், அவரும் அதற்குரிய பரிசோதனையை எழுதிவிடுவார். அப்புறம் சுற்று மறுபடி ஆரம்பம். கூடவே மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: எத்தனை நாளாக, ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை, துணைக்கு ஏதாவது தொந்தரவு உண்டா. பிறகு, 'பால்வினைத் தொற்றுகளுக்கும், ட்ரைக்கோமோனாஸுக்கும் சேர்த்துப் பார்க்கலாமா?' என்று நேராகக் கேட்டுவிடலாம். மாதிரி கொடுக்கும் முன் ஒரு மணி நேரமாவது கழிப்பறைக்குப் போகாமல் இருங்கள். அவர் கேட்கப்போவது குழாயை அலசிக்கொண்டு முதலில் வரும் அந்தச் சிறுநீரைத்தான்.